கியோட்டோவில் சைக்கிள்: ஓட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் பாடு

கேள்வி: ஏப்ரலில் நானும் என் மனைவியும் கியோட்டோவில் நான்கு நாள் தங்குகிறோம். சைக்கிளில் சுற்ற ஆசை. இன்டர்நேஷனல் பெர்மிட், தனி இன்சூரன்ஸ் இரண்டும் கட்டாயம் என்று டிராவல் ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஜப்பானில் சைக்கிள் ஓட்ட லைசென்ஸே தேவையில்லை. மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளுக்கும் அப்படித்தான். இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் வாடகை வண்டிக்கு அதை எடுத்து வைக்க வேண்டியவர் கடைக்காரர். “யார் மேலாவது மோதிவிட்டால் இதில் வருமா?” என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். சாதாரண சைக்கிள் ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,500 யென்னுக்குள் கிடைக்கும். புது ஊருக்குப் போகிறவர்களின் பயத்தைக் காசாக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

794-இல் தலைநகராகக் கட்டம் கட்டமாக வகுத்த ஊர் அது. நடுப்பகுதி சமதளம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பழைய அரண்மனைத் தோட்டத்தில் பாதையெல்லாம் சரளைக்கல். அதன் நடுவே சைக்கிள் டயர்கள் ஓடி ஓடி ஒரு சாண் அகலத்துக்குக் கோடு விழுந்திருக்கும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சரளையில் இறங்கி வழிவிடுவார். அதை அனுபவிக்காமல் வராதீர்கள்.

ஏஜென்ட் சொல்லாத விஷயம் பார்க்கிங். கடைவீதி ஓரம், ஸ்டேஷன் வாசல் என்று கண்ட இடத்தில் நிறுத்தினால் நகராட்சி லாரியில் ஏற்றிப் போய்விடுவார்கள். மீட்க 3,500 யென், அதோடு அரை நாள். நானே ஒரு முறை தேநீர் குடித்துவிட்டு வந்து வெறும் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை என்று புலம்பும் ஊர், சைக்கிளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் என்ன? கட்டண நிறுத்தத்தில் முன்சக்கரத்தைத் தள்ளினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும் இடத்தின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மெஷினில் அந்த எண்ணை அழுத்திக் காசு போட வேண்டும். 100 யென் நாணயங்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம் நடைபாதை. அதில் ஓட்டக் கூடாது. பெரியவரும் குழந்தையும் நடக்க, கூடவே சைக்கிளும் வரைந்த நீல வட்டப் பலகை இருந்தால் மட்டும் ஓட்டலாம். அப்போதும் சாலையை ஒட்டிய பக்கமாக, மெதுவாகத்தான் போக வேண்டும். நடப்பவர் குறுக்கே வந்தால் நின்றுவிடுங்கள், மணி அடித்து விலக்காதீர்கள். பலகை முடிந்த இடத்தில் அனுமதியும் முடிந்தது. முன்னால் போகிறவர் ஓட்டுகிறாரே என்று பின்தொடராதீர்கள். நிஷிகி சந்தைக்குள் தள்ளிக்கொண்டும் போக வேண்டாம், அவ்வளவு நெரிசல்.

கியோமிஸு கோயிலுக்கு ஏறும் சந்துகள் செங்குத்தும் படிகளுமாக இருக்கும். வண்டியைக் கீழேயே விட்டு நடந்துவிடுங்கள்.

ஓட்டியபடி கையில் போனைப் பிடித்து மேப் பார்த்தால் 2026 ஏப்ரல் முதல் 12,000 யென் அபராதம். குடை பிடித்து ஓட்டுவதும் குற்றம்தான், பைக்குள் ரெயின்கோட் வைத்துக்கொள்ளுங்கள்.