பதில்: செம்பனைக் குலை விழுந்து கழுத்து முள்ளெலும்பு விலகல், எந்தக் குறியீடு?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் மருத்துவமனை ஆவணப் பிரிவில் இருக்கிறீர்கள், இந்தக் காயத்துக்கு எந்த ஐசிடி-10 குறியீடு (நோய், காயங்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியல்) போடுவது என்று கேட்கிறீர்கள். குலை அறுக்கும் தொழிலாளியின் சிகிச்சைச் சுருக்கத்தில் டாக்டர் "கழுத்துக் காயம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார், ஸ்கேன் அறிக்கையிலோ சி5, சி6 (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகள்) விலகல் என்று இருக்கிறது. இதுதானே சிக்கல்?

ஸ்கேனைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் கேட்டு, எந்த மட்டத்தில் விலகல், முறிவு உண்டா, தண்டுவடம் பாதித்ததா என்று எழுதி வாங்குங்கள். குறியீடு மாறுவதே இந்த மூன்றால்தான். கழுத்து முள்ளெலும்பு விலகல் மட்டும் என்றால் எஸ்13.1. லேசாக நகர்ந்திருந்தாலும் அதேதான். முறிவும் சேர்ந்திருந்தால் எஸ்12 பக்கம் போக வேண்டும். தண்டுவடக் காயத்துக்கு எஸ்14 தனியாகச் சேரும். வெறும் சுளுக்கு என்றால் எஸ்13.4. டாக்டர் எந்த எலும்பு என்று சொல்லாமல் "கழுத்து விலகல்" என்றே விட்டால் எஸ்13.2தான் மிஞ்சும், அதை வைத்து யாருக்கும் பெரிதாகப் பயனில்லை.

இணையத்தில் பார்த்த ஏழு எழுத்துக் குறியீடு அமெரிக்கப் பதிப்பு. அதை விட்டுவிடுங்கள், நம் மலேசியாவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10தான்.

அப்புறம், காரணக் குறியீட்டை மறக்க வேண்டாம்: மேலிருந்து விழுந்த பொருள் தாக்கியது டபிள்யூ20, தோட்டத்தில் நடந்ததால் டபிள்யூ20.7. பலர் இதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) போகும் மருத்துவ அறிக்கையிலும் "வேலை நேரத்தில், குலை விழுந்து" என்று டாக்டரையே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தரும் விபத்து விவரத்தோடு தேதியும் நேரமும் ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.