ரிட்டையர் ஆன போலீஸ் நாய் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் போலீஸ் நாய்ப்படையில ஹேண்ட்லரா, அதாவது நாயைப் பழக்கி வேலை வாங்குறவரா இருக்காரு. அவரோட நாய் சீக்கிரம் ரிட்டையர் ஆகப் போகுது, அதை வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எங்களுக்கு சின்னக் குழந்தை இருக்கு, எனக்கு பயமா இருக்கு. வேணாம்னு சொன்னா பாவமா சார்?

பதில்: பயப்படுறது சரிதான்மா, பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல. முதல்ல அது என்ன வேலை பாத்த நாய்னு அவர்கிட்ட கேளுங்க. வெடிகுண்டு கண்டுபிடிக்கிற நாய்னா வாசனை வந்த இடத்துல சத்தம் போடாம உக்காந்துடும், அப்படித்தான் பழக்கியிருப்பாங்க, கூட்டத்துக்குள்ளயே வேலை பாத்து மனுஷங்களோட நல்லா பழகியிருக்கும். அதுக்கு உலகத்துல ஒரே ஆசை பெரும்பாலும் பந்துதான், கண்டுபிடிச்சா பந்து கிடைக்கும்னுதான் இத்தனை வருஷமும் வேலை பாத்துருக்கு, அதனால உங்க குழந்தை பந்தை கையில வச்சுக்கிட்டு ஓடுனா பாஞ்சு வந்து தள்ளி விட்டுடும், கோவத்துல இல்ல, ஆசையில. விளையாட்டு சாமான் எல்லாம் தனியா எடுத்து வச்சுடுங்க.

குற்றவாளிய துரத்திப் பிடிச்சு கடிக்கிற நாய்னா கதையே வேற. அதோட குணத்தை ஒரு ட்ரெய்னர் சோதிச்சுப் பாக்காம வீட்டுக்குள்ள விடாதீங்க, குழந்தையோட ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, கடிக்கச் சொல்ற கமாண்டை யாரும் விளையாட்டுக்குக் கூட வீட்டுல சொல்லக்கூடாது. இனிமே நாய் எங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்துதான் கூட்டிட்டு வருவீங்க, அப்புறம் அது யாரையாவது கடிச்சா பொறுப்பு பெரும்பாலும் உங்களோடதுதான்.

இன்னொண்ணு, கென்னல்லயே, அதாவது நாய்க் கொட்டடியிலயே வளந்த நாய்க்கு வீடுன்னா என்னன்னே தெரியாது. டைல்ஸ் தரையில வழுக்கும், மிக்ஸி சத்தத்துக்கு மிரளும், எங்க ஒண்ணுக்கு போகணும்னு கூட தெரியாம முழிக்கும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே சில நாள் வீட்டுல வச்சுப் பாக்க அனுமதி கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேணாம்னே சொல்லுங்க.

கேள்வி: வேலைக்கு ஆகாத நாய்களை முன்னாடி கொன்னுடுவாங்களாமே, நெஜமா?

பதில்: நெஜம்தான். ராணுவங்கள்ல இது ரொம்ப காலம் நடந்துச்சு, ஏன்னா கணக்குல நாயும் ஒரு உபகரணம், அவ்வளவுதான். அமெரிக்கா வியட்நாம் போருக்கு சுமார் 4,000 நாய்ங்கள அனுப்பிச்சு, திரும்பி வந்தது 200 சொச்சம். பின்னாடி அதே அமெரிக்க ராணுவத்துல 'ராபி'ன்னு ஒரு நாய், அதோட ஹேண்ட்லர் நான் எடுத்துக்கிறேன்னு எவ்வளவோ கேட்டும் குடுக்கல, அந்த விவகாரம் பெருசாகித்தான் 2000 நவம்பர்ல தத்துக் குடுக்கலாம்னு சட்டம் வந்துச்சு, ஆனா ராபிய காப்பாத்த முடியல. 2015 நவம்பர்ல கையெழுத்தான இன்னொரு சட்டம்தான் ரிட்டையர் ஆன நாயை சொந்த நாட்டுக்கு கொண்டு வரணும், ஹேண்ட்லருக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சொன்னது. இந்திய ராணுவத்துலயும் வயசான நாய்ங்களை கருணைக்கொலை பண்றது 2015ல ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலமா வெளிய தெரிஞ்சு பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு.

கேள்வி: நான் ஹேண்ட்லர். நாயை எனக்கே குடுக்குறோம்னு டிபார்ட்மெண்ட்ல சொல்லிட்டாங்க, சந்தோஷம்தான். ஆனா அதுக்கு இடுப்பு வலி இருக்கு, இனிமே மருந்துச் செலவெல்லாம் யாரோடது?

பதில்: பல இடங்கள்ல உங்களோடதுதான் சார், எனக்கு கோவம் வர்ற இடமும் இதுதான். எட்டு வருஷமோ பத்து வருஷமோ குதிச்சு, சுவரு தாண்டி, வண்டிக்குள்ள ஏறி இறங்கி அந்த இடுப்பு போனதே டிபார்ட்மெண்ட் வேலையிலதான. அன்பா நாயைக் குடுக்குறோம்னு சொல்லி பில்லையும் சேத்துக் குடுக்குறது என்ன நியாயம்? இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ் 2013ல ரிட்டையர் ஆன நாய்ங்களுக்கு பென்ஷன் மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க, வருஷத்துக்கு 500 பவுண்டு வரைக்கும் வைத்தியச் செலவு, மூணு வருஷத்துக்கு. பெரிய தொகை இல்ல, ஆனாலும் இது எங்க பொறுப்புன்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அதுதான் முக்கியம்.

நீங்க உடனே செய்ய வேண்டியது, நாய் இன்னும் டிபார்ட்மெண்ட் கணக்குல இருக்கும்போதே இடுப்பு, முதுகெலும்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, பல்லு எல்லாம் பாத்து முடிச்சுடுங்க, கடிக்கிற நாய்ங்களுக்கு பல்லு தேஞ்சும் ஒடஞ்சும் போயிருக்கும். இத்தனை வருஷ மருத்துவ ரெக்கார்டும் ஒரு காப்பி வாங்கிடுங்க. அப்புறம் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கலாம்னு விட்டுடாதீங்க, ஏற்கனவே இருக்கிற நோய்னு சொல்லி இடுப்பு வலிக்கு பைசா தர மாட்டாங்க.

கேள்வி: பொதுமக்கள் நாங்க எடுத்து வளக்கலாமா? வீட்டுக்குக் காவலா இருக்கும்.

பதில்: ஹேண்ட்லர் வேணாம்னு சொன்ன நாய்ங்களை சில இடங்கள்ல வெளியாளுங்களுக்கும் குடுப்பாங்க, வீட்டை வந்து பாத்துட்டுதான் குடுப்பாங்க. ஆனா காவலுக்குன்னு கேட்டீங்கன்னா குடுக்கவே கூடாதுன்னு நானே சொல்லுவேன். அது ரிட்டையர் ஆயிடுச்சுங்க.

கேள்வி: என் அண்ணன் ஹேண்ட்லர். பழைய நாய் இப்ப வீட்டுல, டூட்டிக்கு புது நாய். அண்ணன் யூனிஃபார்ம் போட்டாலே பழசு வாசல்ல போயி நிக்குது, வண்டி கிளம்புனதும் ஊளையிடுது, சாப்பிடவும் மாட்டேங்குது. என்ன பண்றது?

பதில்: அதுக்கு ரிட்டையர் ஆனது தெரியாதுல்ல, தன்னை விட்டுட்டுப் போறாங்கன்னுதான் நினைக்கும். கொஞ்ச நாளைக்கு யூனிஃபார்மை ஸ்டேஷன்ல போய் மாத்திக்கச் சொல்லுங்க, பழைய பெல்ட்டு, கயிறு எதுவும் கண்ணுல படாம எடுத்து வைங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே நீங்க அதை வேற பக்கமா வாக்கிங் கூட்டிட்டுப் போயிடுங்க.

முக்கியமா அதுக்கு ஒரு வேலை குடுங்க. சும்மா படுத்துக் கிடன்னா அந்த நாயால முடியாது. சாப்பாட்டை தட்டுல போடாம வீடு முழுக்க அங்கங்க ஒளிச்சு வச்சு தேட விடுங்க, பந்தை ஒளிச்சு வைங்க, மூக்குக்கு வேலை இருந்தா ஊளை தானா குறையும். சாப்பிடாம இருக்குறது ரெண்டு நாளைத் தாண்டுனா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, எல்லாமே ஏக்கம்னு நினைச்சு வலியை விட்டுடக் கூடாது. புது நாயையும் பழசையும் வீட்டுக்குள்ள நேரா சந்திக்க விடாதீங்க, வெளிய ஒரு பொது இடத்துல ரெண்டையும் கயித்துல பிடிச்சுக்கிட்டு தூரமா நடக்க விட்டு பழக்குங்க. மாசக்கணக்கா பழக்கியும் ஒத்து வரலைன்னா, முன்னாடி அதோட வேலை பாத்த வேற ஹேண்ட்லர் யாராவது டூட்டியில இருந்து ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்காங்களான்னு அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்க, அண்ணனுக்கு மனசு வலிக்கும்தான், ஆனா தெனமும் வாசல்ல நின்னு ஊளையிடுறதை விட அந்த வீடு அதுக்கு நல்லது.