நாம்சே ஓய்வு நாளைக் குறைக்கலாமா?

நேபாளத்தின் நாம்சே பஜார் என்ற மலையூரில், உடல் உயரத்துக்குப் பழகுவதற்காகத் தங்கும் இரண்டாம் இரவை நீக்கி எவரெஸ்ட் அடிவார முகாம் நடையைப் பதினொரு நாளில் முடிக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே என் பதில். ஒரு நாள் மிச்சமாக வேண்டுமென்றால் அதை இறங்கும்போது பிடியுங்கள்; முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப்பிலிருந்து, நடை தொடங்கும் லுக்லாவுக்கு மூன்று நாளில் வந்துவிட முடியும்.

சென்ற முறை, நாம்சேக்கு மேலே வழியிலுள்ள டிங்போச்சேயில் தலைவலியும் குமட்டலும் வந்து திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக் குறைவைவிட ஏறிய வேகமே அதற்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மாரத்தான் ஓடுபவரையும் உயரம் விட்டுவைப்பதில்லை. நாம்சே 3,440 மீட்டர், டிங்போச்சே ஏறத்தாழ 4,400 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் மறு இரவும் தங்க வேண்டும் என்பதும் பொதுவான விதி.

ஆகவே நடக்கும் தூரத்தை விட்டுவிட்டு, உறங்கும் இடங்களின் உயரத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் முந்தைய இரவின் உயரத்தைக் கழித்துப் பாருங்கள். மலையில், மாலைதோறும் விடுதித் தரையின் பலகை இடுக்கைக் கோடாகக் கொண்டு, குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடங்கள். தள்ளாடினால் உயரம் மூளையைப் பாதித்திருக்கலாம்; விடியும்வரை காத்திராமல், துணையோடு உடனே இறங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை ஓய்வு நாளுக்கு ஈடாகாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.