மால்டா: ஆறே இல்லாத நாடு (கேள்வி பதில்)

நான்கு வருடம் மால்டாவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என் தலையில் விழுந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மால்டா தீவா, நாடா?

தீவுக்கூட்டமே ஒரு நாடு. சிசிலிக்குத் தெற்கே 90 கிலோமீட்டர் சொச்சம். மால்டா, கோசோ, கொமினோ எல்லாம் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர்தான். கொமினோவில் குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோடையில் படகில் வந்து இறங்கும் கூட்டத்தை எண்ண முடியாது.

கேள்வி: ஆறு கிடையாது என்கிறார்களே, குடிதண்ணீருக்கு என்ன வழி சார்?

நல்ல கேள்வி. ஆறும் இல்லை, சொல்லும்படி மலையும் இல்லை. இருப்பதில் உயரமான இடமே 253 மீட்டர்தான். வருடத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். ஜூலையில் வானம் எட்டிக்கூடப் பார்க்காது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் அந்த நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறும். ஏறவும் ஏறியது. அதனால் 1980களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டினார்கள். இன்று குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடலிலிருந்து எடுத்ததுதான். தாராளமாகக் குடிக்கலாம். ருசி என் நாக்குக்கு ஒத்துவரவில்லை, பாட்டில் தண்ணீர் வாங்கியே காலம் தள்ளினேன்.

அந்தக் காலத்திலேயே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வாலெட்டா நகரைக் கட்டும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி வெட்டியாக வேண்டும் என்பது விதி. மால்டீஸில் 'பிர்' என்றால் கிணறு. பிர்செப்புஜா என்ற ஊரின் பெயரிலேயே ஆலிவும் கிணறும் இருக்கின்றன. இப்போது அந்தக் கரையில் கன்டெய்னர் துறைமுகம்.

கேள்வி: பார்க்க வேண்டிய ஊர்கள்?

1565இல் துருக்கிப் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அடுத்த வருடமே வாலெட்டாவுக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சின்னத் தலைநகரம். பழைய தலைநகரான எம்டினாவில் மதிலுக்குள் சில நூறு பேர்தான். ஸ்லீமா பக்கம் முழுக்க அடுக்குமாடி, எனக்கு அது ஒட்டவில்லை. மார்சஷ்லொக் போங்கள். மஞ்சளும் நீலமுமாகச் சாயமடித்த படகுகள், முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை.

கேள்வி: விளைச்சலும் இல்லை, கனிமமும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது?

இருக்கும் இடத்தை விற்றே பிழைக்கும் நாடு அது. முன்பு பிரிட்டிஷ் கடற்படையும் அதன் கப்பல் பட்டறையும் சோறு போட்டன. 1979 மார்ச் 31இல் கடைசிப் படையும் கிளம்பியது. அப்புறம் சுற்றுலா: சுமார் ஐந்தரை லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 2024இல் 35 லட்சத்துக்கு மேல் பயணிகள். 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்ததும் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்கள் வரிசையாக வந்தன. கம்பெனி வரி 35 சதவீதம். ஆனால் பங்குதாரருக்குப் பெரும்பாலும் ஏழில் ஆறு பங்கு திரும்பிவிடும், ஆக மிஞ்சுவது 5 சதவீதம். பக்கத்து நாடுகளுக்கு இதில் வயிற்றெரிச்சல். முதலீடு செய்தால் குடியுரிமை என்ற திட்டமும் இருந்தது. அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: அண்ணா, எனக்கு அங்கே ஹோட்டல் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?

போகலாம், இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடகையை விசாரித்துவிட்டு அப்புறம் சம்பளத்தைப் பார். முன்பணத்துக்கு ரசீது வாங்கு. என் முதல் வீட்டுக்காரர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

கேள்வி: என்ன பாஷை பேசுகிறார்கள்?

மால்டீஸும் ஆங்கிலமும். மால்டீஸ் அரபு வேரில் முளைத்தது, இத்தாலியச் சொற்கள் ஏராளம், எழுதுவது லத்தீன் எழுத்தில். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஆனால் தேவாலயத்தில் கடவுளை 'அல்லா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது திரும்பிப் பார்த்தேன்.