துணை நாய் இறந்தபின் சோறு தொடாத செவலை

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். கருப்பன், செவலை என்று ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டு நாய்கள், வயது ஏழு. போன மாதம் கருப்பன் காய்ச்சலில் நாலைந்து நாள் சாப்பிடாமல் கிடந்து, மூக்கில் ரத்தம் வந்து இறந்துபோனான். சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தோம். அன்றிலிருந்து செவலை அங்கேயே போய்ப் படுத்துக்கொள்கிறாள். இரண்டு வாரம் ஓரளவு சாப்பிட்டாள். மூன்று நாளாகச் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். ஏக்கத்தில் இவளும் போய்விடுவாளோ? புதிதாக ஒரு குட்டி கொண்டுவந்தால் சரியாகுமா, டாக்டர்?

பதில்: அம்மா, குட்டியைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று, கருப்பனுக்கு மூக்கில் வந்த ரத்தம். இன்னொன்று, செவலை இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு இப்போது நிறுத்தியிருப்பது. ஏக்கம் என்றால் முதல் சில நாள்தான் கடுமையாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். இங்கே தலைகீழாக நடக்கிறது.

காய்ச்சல், சாப்பாடு இறங்காமை, மூக்கில் ரத்தம் என்று சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். எலி மருந்து தின்ற நாய்க்கும் ரத்தம் கசியும், தோட்டத்து வீடுகளில் அதையும் யோசிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டாவது நாய்க்கும் ஆபத்து உண்டு. கடிதத்தை வைத்து இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். செவலையின் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறே வெளிறியிருந்தாலோ, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஈறு இயல்பாகவே கறுப்பாக இருந்தால் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம்தான். மெடிக்கலில் பாராசிட்டமால், புரூபன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்து, குடல் புண்ணாகி வரும் நாய்களை நிறையப் பார்க்கிறேன்.

உண்ணிக் காய்ச்சல்தான் என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் 28 நாள் மாத்திரை, சீக்கிரம் ஆரம்பித்தால் நல்ல பலன். துணையை இழந்த நாய்க்கு, இறந்ததின் வாசனை படிந்த சாக்கைக் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். உங்கள் வீட்டில் அது வேண்டாம். கருப்பனின் சாக்கை எரித்துவிடுங்கள், செவலையின் விரிப்பைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். நாய் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும்.

சரி, ஏக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. மரத்தடியில் போய்ப் படுப்பது வேறென்ன? 2022இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், குறைந்தது இரண்டு நாய் வளர்த்து ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டார்கள். மிச்சமிருந்த நாய் மாறிவிட்டது என்றே பெரும்பாலோர் சொன்னார்கள்: விளையாட்டும் தீனியும் குறைந்தன, தூக்கம் கூடியது, ஆளைச் சுற்றிச் சுற்றி வருவது அதிகமானது. சேர்ந்திருந்த வருடக் கணக்கைவிட எவ்வளவு ஒட்டுதலாக இருந்தன என்பதுதான் முக்கியம் என்றும் தெரிந்தது. வீட்டுக்காரர்களின் துக்கமும் நாயைப் பாதிக்கிறது.

மரத்தடியிலிருந்து அவளை விரட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். தடவிக் கொடுத்தால் ஏக்கம் கூடும் என்பது வீண் பேச்சு. ஆனால் சோறு வைக்கும் நேரமும் கூட்டிப்போகும் நேரமும் மாறக்கூடாது. கருப்பனோடு போன தடத்திலேயே காலையில் நடங்கள், வழியில் அவள் நின்று மோந்தால் நிற்க விடுங்கள். சோற்றில் வெதுவெதுப்பாகக் கோழிச் சாறு ஊற்றுங்கள், வெங்காயம் பூண்டு போடாமல். அரை மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் கெஞ்சிக் கெஞ்சிக் கையில் ஊட்டினால், கெஞ்சினால்தான் சாப்பாடு என்று பழகிவிடும்.

குட்டி இப்போது வேண்டாம். காலைக் கடித்து இழுக்கும் இரண்டு மாதக் குட்டியை, உடம்புக்கு முடியாத ஏழு வயது நாய்மேல் ஏவிவிடுவது அவளுக்குத் தண்டனை. செவலை தேறி, வீட்டில் உண்ணி ஒழிந்த பிறகு, தடுப்பூசி போட்ட குட்டியாகப் பார்க்கலாம். அதுகூட உங்களுக்கு ஆசை இருந்தால்தான்.

நாளைக் காலையிலேயே அவளைச் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் நல்ல நாய்க்கே வாந்தி வரும். அதனால் கிளம்பும் முன் எதையும் ஊட்டாதீர்கள், தண்ணீர் மட்டும் போதும். வண்டியில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும். வாந்தியில் ரத்தம் தெரிந்தால் துடைத்துப் போட்டுவிடாமல் அந்தத் துண்டையும் கொண்டுவாருங்கள்.