தூண் கள்ளியும் வேலூர் வெயிலும்

கேள்வி: சித்திரை மாதத்தில் நர்சரியிலிருந்து மூன்றடி உயரத் தூண் கள்ளி ஒன்றை வாங்கி வந்து, பாலைவனச் செடிதானே என்று அன்றே மொட்டைமாடியில் வைத்தேன். பத்து நாளில் மேற்குப் பக்கம் வெளிறி, இப்போது தவிட்டு நிறமாகிவிட்டது. வேலூர் வெயில் இதற்கு ஆகாதா? (வாசகி, காட்பாடி)

பதில்: வெயில் ஆகும், வெயிலுக்குப் பழகுவதற்கான அவகாசம்தான் உங்கள் செடிக்குக் கிடைக்கவில்லை. நிழல்வலையின் கீழ் பல மாதங்கள் வளர்ந்த தண்டை, 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் ஒரே நாளில் வெட்டவெளிக்குக் கொண்டுவந்தால், அதன் தோல் வெந்துவிடும். அந்தத் தழும்பு இனி மறையாது என்றாலும், தொட்டுப் பார்க்கையில் காய்ந்து கெட்டியாக இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. நுனியில் வரும் புது வளர்ச்சி பச்சையாகவே இருக்கும். தொட்டியை இப்போது காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றி, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாக வெயில் நேரத்தைக் கூட்டுங்கள். சிமென்ட் தளத்தின் சூடு வேரைத் தாக்காதபடி தொட்டியைச் செங்கற்களின் மேல் வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, நர்சரியில் எந்தப் பக்கம் தெற்கு நோக்கியிருந்தது என்பதைத் தொட்டியில் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு வந்து, வீட்டிலும் அவ்வாறே வைப்பது நல்லது.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பின் என் தூண் கள்ளியின் அடித்தண்டு குழைந்து சாய்ந்துவிட்டது. பிழைக்குமா? புதிதாக வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: அழுகல் மேலே ஏறாதிருந்தால் நிச்சயம் பிழைக்கும். சுத்தமான கத்தியால், உட்புறத்தில் பழுப்புப் புள்ளிகூடத் தெரியாத இடம் வரும்வரை கீழிருந்து வெட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க மறக்காதீர்கள். நல்ல துண்டை இரண்டு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல்கட்டிய பிறகு, ஈரமற்ற மணலில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற ஆசைப்படாதீர்கள். கள்ளி வளர்ப்பில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

மண் கலவையில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் ஜல்லியும் இருக்கட்டும். பூச்சு வேலைக்கு மணல் சலித்தபின் சல்லடையில் தங்கி, ஒதுக்கிப் போடும் பருமணல் இதற்கு மிகப் பொருத்தம். மீதி செம்மண்ணும் சிறிது மக்கிய தொழு உரமும் போதும். ஓட்டையுள்ள மண் தொட்டியே சிறந்தது. மழைக்காலத்தில் அதைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

வாங்கும்போது அடித்தண்டை மெல்ல அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். முட்களின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இருந்தாலும் விட்டுவிடுங்கள். நம் பக்கத்துச் சதுரக்கள்ளியையும் சிலர் தூண் கள்ளி என்றே விற்கிறார்கள். அதுவும் அழகான செடிதான், ஆனால் வேறு குடும்பம். கீறினால் வரும் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த உண்மையான தூண் கள்ளியில் முட்கள் கொத்தாக ஒரு சிறு பஞ்சு மெத்தையிலிருந்து புறப்படும், பாலும் வராது. குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால், விலை பேசுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.