வள்ளத்தடி

அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் நான்கு அறைகளோடு ஒரு சின்ன விடுதி திறக்கப்போகிறேன். லோகோவில் கோணேசர் கோயில் கோபுரம், சுவாமி மலை, மான், தென்னை, உதிக்கிற சூரியன் எல்லாம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். லோகோ கீறுகிற பெடியன் கீறிக்கொண்டு வந்தது ஒரு மான்கொம்பு, அவ்வளவுதான். இரண்டு கோட்டுக்கு இவ்வளவு காசா என்று அப்பா சத்தம் போடுகிறார். எளிமை என்பது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயரா? இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வாருங்கள். வாசலில் அப்பாவின் பழைய வள்ளத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், ஓட்டோக்காரரிடம் ‘வள்ளத்தடி’ என்றால் போதும்.

தம்பி,

நீங்கள் கேட்டது லோகோ இல்லை, சுற்றுலாக் கையேட்டுக்கு ஓர் அட்டை. நானும் இதே கூத்தை ஆடியவன்தான். வலை விற்கும் கடை ஒன்றுக்கு மீன், வலை, நங்கூரம், வெளிச்சவீடு என்று நிரப்பிக் கீறிக் கொடுத்தேன். பெயர்ப்பலகையில் நன்றாகத்தான் இருந்தது, முதலாளி தேத்தண்ணி வாங்கித் தந்தார். அப்புறம் பில் புத்தகத்துக்கு அதையே றப்பர் முத்திரையாக வெட்டினார்கள். மை பட்டதும் மீனும் வலையும் ஒன்றாகி, யாரோ பெருவிரலை உருட்டி வைத்த மாதிரி ஒரு கறுப்பு அப்பல். அந்த பில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், தலைக்கனம் ஏறும்போது எடுத்துப் பார்க்க.

மாட்டுக்குக் குறி சுடுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். கோடுகள் நெருங்கினால் நடுவிலுள்ள தோலும் வெந்து தழும்பெல்லாம் ஒன்றாகிவிடும். பற்றைக்குள் நிற்கிற மாடு யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே, அதனால் ஓர் எழுத்து, ஒரு வளைவு, அதற்கு மேல் போகமாட்டார்கள். அப்பிள் கம்பனியின் முதல் லோகோவில், 1976இல், நியூட்டன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிவர எழுத்து வேறு. அடுத்த வருடமே அதைத் தூக்கிவிட்டு ரொப் ஜனோஃப் கீறிய கடித்த அப்பிளை வைத்தார்கள். அந்தக் கடி எதற்கென்றால், சின்னதாக்கினாலும் செரிப்பழம் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்கு. வெறுமனே குறைப்பதாக இருந்தால் கடியே வந்திருக்காது.

காசு விஷயம்: 1971இல் நைக்கியின் அந்த ஒற்றை வளைவைக் கீறிய மாணவி கரோலின் டேவிட்சனுக்குக் கிடைத்தது 35 டொலர். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், உடனே பேரம் பேசுவார்.

ஆனால் பெடியன் பக்கமும் நான் முழுதாக இல்லை. கொம்பு எளிமையாக இருக்கிறது, சரி, உங்களுடையதாக இல்லையே! மான் நிற்பது திருகோணமலைக் கோட்டைக்குள். உப்புவெளியில் உங்கள் வாசலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஓட்டோக்காரர்கள் உங்களுக்கு லோகோவைத் தந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, நீங்கள்தான் அதை வழி சொல்வதற்கு மட்டும் வைத்திருக்கிறீர்கள். கவிழ்த்த வள்ளம் என்றால் ஒரு வளைவு, கீழே ஒரு நேர்கோடு. முத்திரையிலும் நிற்கும், துவாய் மூலையில் தைத்தாலும் நிற்கும், வட்ஸ்அப் வட்டத்துக்குள்ளும் நிற்கும்.

பெடியனுக்குப் பேசிய காசைக் குறைக்காமல் கொடுத்து, ஒரு பின்னேரம் கூட்டிவந்து அந்த வள்ளத்துக்கு முன்னால் இருத்துங்கள். அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, எவ்வளவு தூக்கியிருக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லவேண்டும்.